துகள்களைத் தொடர எந்தக் கணிப்பு? டி.என்.எஸ்., எல்.இ.எஸ்., ரான்ஸ், இன்னும் இரண்டு வழிகள்: ஓர் ஒப்பீடு

"டி.என்.எஸ். ஓட்டியே ஆக வேண்டுமா, எல்.இ.எஸ். போதுமா?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: கடைசியில் என்ன வரைபடம் போடப் போகிறீர்கள்? பாதிப் பேரிடம் அதற்குப் பதில் இருக்காது. கொந்தளிப்பான ஓட்டத்தில் துகள்களைத் தூவிவிட்டு அவை எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும், புள்ளியியல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்பார்கள். சரி, எந்தப் புள்ளியியல்? துகளின் முடுக்கமா, கிளம்பிய இடத்திலிருந்து ஒரு துகள் எவ்வளவு விலகுகிறது என்பதா, அருகருகே இருந்த இரண்டு துகள்கள் எவ்வளவு சீக்கிரம் பிரிகின்றன என்பதா, சுவரில் எவ்வளவு படிகிறது என்பதா, துகள்கள் எங்கே கூட்டம் கூடுகின்றன என்பதா? இந்த ஐந்துக்கும் பதில் ஒன்றில்லை. ஓட்டத்தை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து தனக்கு வேண்டிய அளவு அந்தத் தரவில் இல்லவே இல்லை என்று கண்டுபிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நான்.

பெயர்களை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். டி.என்.எஸ். என்றால் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டை மிகச் சிறிய சுழல் வரை, எந்த மாடலும் சேர்க்காமல் அப்படியே தீர்ப்பது. எல்.இ.எஸ். பெரிய சுழல்களைத் தீர்த்து, கிரிட்டில், அதாவது கணக்குப் போடும் புள்ளிவலையில், அகப்படாத சிறியவற்றுக்கு மட்டும் துணை மாடல் போடும். ரான்ஸ் சராசரி ஓட்டத்தை மட்டும் தீர்த்துவிட்டு கொந்தளிப்பு முழுவதையும் மாடலிடம் ஒப்படைக்கும். துகளுக்கு வேண்டிய ஏற்ற இறக்கத்தை நாம் தற்போக்கு எண்களால் உண்டாக்கிக் கொடுப்போம், அதுதான் தற்போக்கு நடை. இவை தவிர, ஃபூரியே அலைகளைக் கூட்டி ஒரு செயற்கைத் திசைவேகப் புலத்தை உண்டாக்கி அதில் துகளை விடுவது நான்காவது. வேறு யாரோ ஓட்டிச் சேமித்து வைத்த தரவுத்தளத்தில் துகளை விடுவது ஐந்தாவது. அந்த ஐந்தாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

## முதலில் அளவுகோல்கள்

எந்தக் கடிகாரம்? இதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். கொந்தளிப்பில் துகளுக்கு இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று கோல்மகோரோவ் நேரம்: பாகுநிலையை ஆற்றல் சிதைவு வீதத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது, மிகச் சிறிய சுழல் ஒருமுறை புரளும் நேரம். மற்றொன்று, துகள் தன் பழைய திசைவேகத்தை மறக்க ஆகும் நேரம், லக்ராஞ்சிய நேரம் என்பார்கள். முடுக்கம், கூட்டம் கூடுதல், மோதல் எல்லாம் முதல் கடிகாரத்தில் நடப்பவை. பரவல், கலப்பு எல்லாம் இரண்டாவதில். இரண்டு துகள்கள் பிரிவது இரண்டுக்கும் நடுவில், அதனால்தான் அது எல்லாவற்றையும்விடத் தொல்லை பிடித்தது.

இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் விகிதம் தோராயமாக டெய்லர் ரெனால்ட்ஸ் எண்ணில், அதாவது கொந்தளிப்பு எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் எண்ணில், பன்னிரண்டில் ஒரு பங்கு. டெய்லர் ரெனால்ட்ஸ் எண் 100 என்றால் விகிதம் எட்டு அல்லது ஒன்பது. 433 என்றால் முப்பத்தாறு பக்கம். இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பல திட்டங்கள் அங்கேயே நின்றுவிடும். எட்டு மடங்கு இடைவெளிக்குள், இரண்டு முனைகளின் பாதிப்பையும் தள்ளிவிட்டு, நடுவில் ஓர் அடுக்கு விதியைத் தேடுவது நடக்கிற காரியம் இல்லை.

துகளின் மந்தம். துகள் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க எடுக்கும் நேரத்தை கோல்மகோரோவ் நேரத்தால் வகுத்தால் ஸ்டோக்ஸ் எண். அது 0.1-க்கும் கீழே என்றால் துகள் ஏறக்குறைய நீரோடு நீராகப் போகும். ஒன்றை ஒட்டி இருந்தால் சுழல்களின் மையத்திலிருந்து வெளியே வீசப்பட்டு, சுழற்சி குறைந்த இடங்களில் கூட்டம் கூடும். மேக்ஸி 1987-இல் கோட்பாடாகக் காட்டியதை ஸ்குவயர்ஸும் ஈட்டனும் 1991-இல் கணினியில் காட்டினார்கள். ஸ்டோக்ஸ் எண் ஐம்பது, நூறு என்று போனால் சிறிய சுழல்களைத் துகள் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அந்தச் சுழல்களைத் தீர்க்க நீங்கள் செலவழிக்கும் கணினி நேரமும் வீண்.

சுவர் உண்டா? எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப வரும் பெட்டி (ஒரு பக்கம் வெளியேறுவது எதிர்ப்பக்கம் உள்ளே நுழையும்) ஒரு உலகம், சுவர் உள்ள ஓட்டம் வேறு உலகம். அதைக் கீழே பார்க்கலாம்.

செலவு. கணினி நேரம் மட்டும் இல்லை, வட்டு இடம், உங்கள் வாரங்கள் எல்லாம் சேர்ந்துதான்.

தப்பு தெரியுமா? இது யாரும் பட்டியலில் சேர்க்காத அளவுகோல், எனக்கு முக்கியமானது. முறை தோற்கும்போது தோற்றது கண்ணுக்குத் தெரிய வேண்டும். டி.என்.எஸ்.-இல் கிரிட் போதவில்லை என்றால் எந்த அளவுச் சுழலில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் ஆற்றல் நிறமாலையின் கடைசியில் ஆற்றல் குவிந்து வால் மேலே தூக்கிக்கொள்ளும். ஒரு பார்வை போதும். ரான்ஸ் அப்படி இல்லை, தப்பான விடையையும் வழவழப்பான வளைவாக, நம்பும்படி தரும்.

| வழி | கைகொடுக்கும் இடம் | கைவிடும் இடம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| டி.என்.எஸ். | முடுக்கம், கூட்டம் கூடுதல், மோதல் | சிக்கலான வடிவம், பெரிய ரெனால்ட்ஸ் எண் | வட்டு, புள்ளியியல் நிலைபெறும் காலம் |
| எல்.இ.எஸ். | பரவல், கலப்பு, மந்தமான துகள் | முடுக்கம், நுண்துகள் படிவு | சுவர் அருகே கிரிட், துணை மாடல் தேர்வு |
| ரான்ஸ் + தற்போக்கு நடை | பல வடிவமைப்புகளை ஒப்பிடுதல், கனத்த துகள் | சுவர்ப் படிவு, இரு துகள் பிரிவு | போலிக் குவிப்பு, சரிபார்க்க ஆகும் நாட்கள் |
| செயற்கைப் புலம் | நிரலைச் சோதித்தல், ஒற்றைத் துகள் போக்கு | இரு துகள் பிரிவு | நம்பிவிடும் அபாயம் |
| தரவுத்தளம் | ஓட்டத்தோடு போகும் துகள் | இல்லாத ஓட்டம், நீண்ட சராசரி | வினவல் வேகம், சேமித்த காட்சிகளின் இடைவெளி |

## டி.என்.எஸ்.: யாருக்கு இது உண்மையிலேயே வேண்டும்

1972-இல் ஓர்ஸாகும் பேட்டர்சனும் 32³ புள்ளிகளில் முதல் டி.என்.எஸ். ஓட்டியபோது டெய்லர் ரெனால்ட்ஸ் எண் 35. 2003-இல் ஜப்பானின் எர்த் சிமுலேட்டர் என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் 4096³ வரை போய்விட்டார்கள். இப்போது 512³ ஒரு நல்ல ஜி.பி.யு. அட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே "டி.என்.எஸ். என்றால் சூப்பர் கம்ப்யூட்டர்" என்ற பழைய பயம் இப்போது பாதி பொய். மீதிப் பாதி மட்டும் அப்படியே இருக்கிறது: கிரிட்டை ஒவ்வொரு திசையிலும் இரட்டித்தால் எட்டு மடங்கு புள்ளிகள், நேரப் படியும் பாதியாக வேண்டும், ஆக 16 மடங்கு செலவு. டெய்லர் ரெனால்ட்ஸ் எண்ணை இரட்டிக்க வேண்டும் என்றால் 64 மடங்கு. நாளைக்கு வரும் கணினி காப்பாற்றும் என்று நம்பிப் பயனில்லை.

முடுக்கம் வேண்டும் என்றால் டி.என்.எஸ்.-ஐ விட்டு வேறு வழி கிடையாது. 2001-இல் கார்னெல் ஆய்வகத்தில் துகள் இயற்பியலுக்குச் செய்த சிலிக்கான் உணரிகளைக் கொண்டு நீரில் துகள்களைப் பின்தொடர்ந்தபோது, புவியீர்ப்பைப் போல 1500 மடங்கு வரை முடுக்கம் பதிவாயிற்று. மேசையளவுக் கலனில் சுழலும் வெறும் தண்ணீர்! அந்த உச்சங்கள் மெல்லிய சுழல் இழைகளில் துகள் மாட்டிக்கொண்டு சில கோல்மகோரோவ் நேரங்களுக்குள் சுற்றி வெளியே வருவதால் உண்டாகின்றன. எந்த மாடலும் அதைத் தராது. டி.என்.எஸ்.-இலும் வழக்கமான பிரிதிறன், அதாவது கிரிட் தாங்கும் மிகப்பெரிய அலையெண்ணையும் கோல்மகோரோவ் நீளத்தையும் (மிகச் சிறிய சுழலின் அளவு) பெருக்கினால் 1.5 வருகிற மாதிரி ஓட்டுவது, சராசரி வேலைகளுக்குப் போதும். முடுக்கத்தின் வால்களுக்கு, அதாவது அபூர்வமாக வரும் உச்ச மதிப்புகளுக்கு, பத்தாது, அதை இரட்டிக்க வேண்டியிருக்கும். இரட்டிப்பதன் விலை மேலே சொன்ன 16 மடங்கு. இதைக் கடைசியில் தெரிந்துகொள்வது வலிக்கும்.

கூட்டம் கூடுதலைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. ஸ்டோக்ஸ் எண் ஒன்றை ஒட்டிய துகள்களின் சிறிய அளவுக் கூட்டம் ரெனால்ட்ஸ் எண்ணைப் பலவீனமாகத்தான் சார்ந்திருக்கிறது. ஆகவே அது மட்டும்தான் உங்கள் கேள்வி என்றால் 1024³ தேவையில்லை. 256³ வைத்துக்கொண்டு மீதி நேரத்தைப் புள்ளியியல் சேர்க்கச் செலவிடுங்கள். இங்கேயும் பொறி இருக்கிறது: புவியீர்ப்பைச் சேர்த்தால், கீழே விழும் துகள் பெட்டியின் அடியில் போய் மேலே திரும்ப வரும். பெரிய சுழல் ஒருமுறை புரள்வதற்குள் அது பெட்டியைக் கடந்துவிட்டால் அதே சுழலை இரண்டாம் முறை சந்திக்கும், மூன்றாம் முறையும். உங்கள் தொடர்புச் சார்பில் இல்லாத ஒரு மேடு முளைக்கும். பெட்டியை நீளமாக்குவதுதான் தீர்வு, அதாவது இன்னும் செலவு.

இன்னொன்று, துகள் கோல்மகோரோவ் நீளத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரைதான் அதைப் புள்ளியாக நினைக்கலாம். துகள்களின் கன அளவு விகிதம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் துகள் ஓட்டத்தைப் பாதிக்காது. அதற்கு மேலே போனால் துகள் ஓட்டத்தைத் திருப்பித் தள்ளும், ஆயிரத்தில் ஒரு பங்கையும் தாண்டினால் மோதல்களும் சேர்ந்துகொள்ளும். எல்கோபாஷி தந்த இந்தப் பிரிவினையைப் பார்க்காமல் டி.என்.எஸ். என்று எழுதிவிட்டால் மட்டும் விடை துல்லியமாகிவிடாது.

## எல்.இ.எஸ்.: 80 சதவீதத்தில் உங்கள் அளவு இருக்கிறதா

நல்ல எல்.இ.எஸ். என்றால் கொந்தளிப்பு ஆற்றலில் குறைந்தது 80 சதவீதத்தை கிரிட்டே தீர்க்க வேண்டும் என்று ஒரு நடைமுறை விதி உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. முடுக்கம் ஏறக்குறைய முழுவதும் மீதமுள்ள 20-இல்தான் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. பரவலோ ஏறக்குறைய முழுவதும் 80-இல். ஒரே கணிப்பு ஒருவருக்கு அற்புதம், இன்னொருவருக்குக் குப்பை.

துகள் கணக்குக்கு எல்.இ.எஸ். எடுத்தால் உடனே ஒரு கேள்வி எழும்: வடிகட்டிப் போன சிறிய சுழல்களைத் துகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? துகளின் மந்த நேரம், கிரிட் அளவுள்ள சுழல் புரளும் நேரத்தைவிடப் பல மடங்கு பெரியது என்றால் வேண்டாம். துகளே அதை வடிகட்டிவிடும். சிறியது என்றால் வேண்டும். எப்படிக் கொடுப்பது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். வழக்கமான வழி தற்போக்குத் திசைவேகம் ஒன்றைச் சேர்ப்பது. அது துகளின் சராசரி இயக்க ஆற்றலைச் சரிசெய்யும், பரவலையும் ஓரளவு சரிசெய்யும். கூட்டம் கூடுதலை மட்டும் கெடுத்துவிடும்! கூட்டம் சேர்வது சுழல்களின் அமைப்பால். ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனியாகத் தற்போக்கு எண்ணை எறிந்தால் இருக்கிற கூட்டமும் கலைந்துபோகும். ஆற்றல் சரியாக வருகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு மோதல் வீதத்தைத் தப்பாக எழுதியவர்கள் உண்டு.

சுவர் இருந்தால் எல்.இ.எஸ்.-இன் மலிவு பெரும்பாலும் ஆவியாகிவிடும். சுவரருகே பெரிய சுழல் என்று சொல்லப்படுவதே சிறியது. அதைத் தீர்க்க வேண்டும் என்றால் கிரிட் டி.என்.எஸ்.-ஐ நெருங்கும். தீர்க்காமல் சுவர் மாடல் போட்டால், நுண்துகள்கள் சுவரை நோக்கி நகரும் அந்தக் கடைசி மெல்லிய அடுக்கு உங்களிடம் இருக்காது. கொந்தளிப்பு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் துகள்கள் மெல்ல நகர்வதுதான் சுவர்ப் படிவுக்கு முக்கியக் காரணம், எல்.இ.எஸ். சுவருக்குச் செங்குத்தான ஏற்ற இறக்கத்தை வடிகட்டிவிடுவதால் படிவைக் குறைத்துச் சொல்லும். எவ்வளவு குறைக்கும் என்பது கிரிட்டைப் பொறுத்தது, ஆகவே ஒரு திருத்தக் காரணியைப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது.

எல்.இ.எஸ்.-இன் துணை மாடலில் வரும் ஸ்மகோரின்ஸ்கி மாறிலி பற்றி ஒரு வார்த்தை. பெட்டிக்குள் 0.17 என்று கோட்பாடு சொல்லும், கால்வாய் ஓட்டத்தில் 0.1 பக்கம் வைப்பார்கள். அதையெல்லாம் கையால் திருப்பிக்கொண்டிருக்காமல் மாறிலியை ஓட்டத்திலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளும் ஜெர்மானோவின் 1991 முறையைப் போட்டு விட்டுவிடுங்கள்.

## ரான்ஸ் + தற்போக்கு நடை: கேவலமில்லை, ஆனால்

கல்விக்கூடங்களில் ரான்ஸ் என்றாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. நாற்பது வடிவமைப்புகளில் எது மேல் என்று ஒரு வாரத்தில் சொல்ல வேண்டும், துகள்கள் கனமானவை, வளைவில் நேராகப் போய் முட்டிக்கொள்கின்றன என்றால் அங்கே சராசரி ஓட்டமும் துகளின் நிலைமமும்தான் முடிவு செய்கின்றன. கொந்தளிப்பு வெறும் துணை நடிகர். ரான்ஸ் போதும். டி.என்.எஸ். அங்கே ஆடம்பரம்.

துகள் சின்னதாகச் சின்னதாக நிலைமை மாறும். வழக்கமான நடை இப்படி: ஒவ்வொரு சுழலுக்கும் ஓர் ஆயுள், அந்த ஆயுள் வரை துகளுக்கு ஒரு தற்போக்குத் திசைவேகம், அதன் திட்ட விலகல் கொந்தளிப்பு ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கின் வர்க்கமூலம். இதில் மூன்று திசைகளும் சமம் என்ற நினைப்பு ஒளிந்திருக்கிறது. சுவருக்கு மிக அருகே போய்ப் பாருங்கள். சுவரிலிருந்து உள்ள தூரத்தோடு சுவருக்கு இணையான ஏற்ற இறக்கம் நேர்விகிதத்தில் வளர்கிறது. செங்குத்தான ஏற்ற இறக்கமோ, ஓட்டம் சுவருக்குள் நுழைய முடியாததால், தூரத்தின் வர்க்கமாகத்தான் வளர்கிறது. ஆற்றலில் பெரும்பங்கு இணையான திசைகளில் இருக்க, நாம் அதை மூன்றாகப் பங்கிட்டு ஒரு பங்கைச் செங்குத்துத் திசைக்கும் கொடுத்துவிடுகிறோம். சுவரை ஒட்டிய இடத்தில் துகளுக்குக் கிடைக்கும் உதை உண்மையைவிடப் பல மடங்கு. துகள் போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, படிவு கூடிப்போகிறது. எல்.இ.எஸ். குறைத்துச் சொல்லும், ரான்ஸ் கூட்டிச் சொல்லும். இரண்டையும் சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் என்னிடம் வாதாடியது தனிக் கதை.

இதைவிடக் கள்ளத்தனமான இன்னொரு பிழை உண்டு. மந்தமே இல்லாத துகள்களை ஓட்டம் முழுவதும் சீராகத் தூவி ஓட்டிப் பாருங்கள். நீரோடு நீராகப் போகும் துகள் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் சீராகவே இருக்க வேண்டும். எளிய தற்போக்கு நடையில் அப்படி இருக்காது. கொந்தளிப்பு குறைந்த இடங்களில் மெல்ல மெல்லக் குவியும். அங்கே நுழைந்த துகளுக்கு வெளியே வர உதை போதாது, அவ்வளவுதான் காரணம். தாம்சன் 1987-இல் இதற்கான நிபந்தனையை எழுதி, நகர்வுத் திருத்தம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று காட்டினார். இவ்வளவு ஆண்டுக்குப் பிறகும் அந்தத் திருத்தம் இல்லாத நிரல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. இந்தச் சோதனைக்கு அரை நாள்தான் ஆகும். அதைச் செய்யாமல் ரான்ஸ் துகள் முடிவு எதையும் நான் நம்புவதில்லை, என்னுடையதையும் சேர்த்து.

## செயற்கைப் புலம்

கொஞ்சம் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சில நூறு ஃபூரியே அலைகளுக்கு வேண்டிய நிறமாலையைக் கொடுத்துக் கூட்டினால், பார்க்கக் கொந்தளிப்பு மாதிரியே ஒரு புலம் கிடைக்கும். கிரிட் கிடையாது, துகள் நிற்கும் இடத்தில் மட்டும் கணக்கிட்டால் போதும், மடிக்கணினியில் ஓடும். ஆனால் இதில் பெரிய சுழல் சிறிய சுழலைத் தூக்கிக்கொண்டு போகாது. சிறிய சுழல்கள் தத்தம் இடத்தில் நிற்க, பெரிய சுழலில் ஏறிய துகள் அவற்றைக் கடந்து பறக்கும். அதனால் இரண்டு துகள்கள் பிரியும் வேகம் கெட்டுவிடுகிறது. ரிச்சர்ட்சன் 1926-இல் சொன்னபடி இடைவெளியின் வர்க்கம் நேரத்தின் முப்படியாக வளர வேண்டும். சராசரி ஓட்டம் இல்லாத செயற்கைப் புலத்தில் அது நேரத்தின் நாலரை அடுக்காகிறது என்று தாம்சனும் டெவனிஷும் 2005-இல் காட்டினார்கள். நிரலில் பிழை இருக்கிறதா என்று சோதிக்க நான் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். கட்டுரையில் முடிவாகப் போட மாட்டேன்.

## தரவுத்தளம்: கடைசியில் நினைவுக்கு வருவது, முதலில் பார்க்க வேண்டியது

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கொந்தளிப்புத் தரவுத்தளத்தில் 1024³ பெட்டி ஓட்டம் ஒன்று காத்திருக்கிறது, டெய்லர் ரெனால்ட்ஸ் எண் சுமார் 433. உராய்வு ரெனால்ட்ஸ் எண் (சுவர் உராய்வை வைத்துக் கணக்கிடுவது) சுமார் 1000 உள்ள கால்வாய் ஓட்டமும் இருக்கிறது. துகளின் இடத்தைக் கொடுத்தால், சுற்றியுள்ள கிரிட் புள்ளிகளின் மதிப்புகளிலிருந்து அங்கே உள்ள திசைவேகத்தை இடைச்செருகித் தரும். துகளை முன்னோக்கியும் பின்னோக்கியும் நகர்த்திக் கொடுக்கவும் செய்யும். பின்னோக்கிப் போவது எவ்வளவு பெரிய வசதி என்று டி.என்.எஸ். ஓட்டியவர்களுக்குத் தெரியும்: ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பில் நேரத்தைத் திருப்ப முடியாது, ஒவ்வொரு காட்சியையும் சேமித்திருந்தால்தான் முடியும்.

குறைகளும் இருக்கின்றன. அந்தப் பெட்டி ஓட்டம் பெரிய சுழல் புரளும் நேரத்தைப் போல ஐந்து மடங்குதான் நீளம். துகள் எண்ணிக்கையை எவ்வளவு ஏற்றினாலும் அந்த ஐந்து ஐந்துதான். சேமித்த காட்சிகளின் இடைவெளி 0.002, கோல்மகோரோவ் நேரம் சுமார் 0.04, ஆக ஒரு கோல்மகோரோவ் நேரத்துக்கு இருபது காட்சிகள். இது பெரும்பாலும் போதும். பிரிதிறன் வழக்கமானதுதான், ஆகவே முடுக்கத்தின் கடைசி வால்களை அதிலிருந்து எடுத்து ஆணித்தரமாகப் பேசாதீர்கள். மந்தமுள்ள துகளுக்கு நேரச் சமன்பாட்டை நீங்களே எழுதி, ஒவ்வொரு படிக்கும் வினவ வேண்டும். லட்சம் துகள், ஆயிரம் படி என்று போனால் காத்திருப்பு நீளும். இருந்தாலும் உங்கள் கேள்வி அந்த ஓட்டங்களுக்குள் அடங்குகிறதா என்று ஒரு வாரம் முயன்று பார்ப்பது, ஆறு மாதம் டி.என்.எஸ். எழுதுவதைவிட மலிவு.

## எந்த வழியில் போனாலும் கட்ட வேண்டிய வரி

என் முதல் இரு துகள் கணக்கில், இடைவெளியின் சராசரி வர்க்கம் அழகாக ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் படுத்துவிட்டது. மூன்று நாள் இயற்பியல் விளக்கம் தேடினேன். பெரிய சுழல்களின் எல்லை, விசையூட்டலின் பாதிப்பு என்று இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன். நான்காம் நாள் ஒரே ஒரு துகளின் இடத்தை வரைந்து பார்த்தபோது வரைபடத்தில் செங்குத்துக் கோடுகள்: பெட்டியின் நீளமான 6.28-லிருந்து பூஜ்யத்துக்கு, பூஜ்யத்திலிருந்து 6.28-க்கு. பெட்டியின் விளிம்பைத் தாண்டியதும் மடித்து உள்ளே போட்ட இடத்தையே கோப்பில் எழுதியிருந்தேன். புலத்தை இடைச்செருக மடித்த இடம் வேண்டும், புள்ளியியலுக்கு மடிக்காத இடம் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், மடிக்காததை இருமடங்குத் துல்லியத்தில். எழுதிய இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

இடைச்செருகல் அடுத்தது. நேர்கோட்டு இடைச்செருகல் வேகமானது, பரவலுக்குப் போதும். முடுக்கத்துக்கு அது விஷம்: துகள் ஒரு கிரிட் கட்டத்திலிருந்து அடுத்ததுக்குத் தாண்டும்போதெல்லாம் திசைவேகத்தின் சரிவு சட்டென்று மாறி, முடுக்கத்தில் போலி முட்களை நடும். சரிவும் வழவழப்பாக மாறும் கன ஸ்ப்ளைன் வளைவு அல்லது அதற்கு ஈடான ஒன்றைப் போட வேண்டும். ஒரு துகளுக்கு 8 புள்ளிகளுக்குப் பதில் 64 புள்ளிகளைத் தொட வேண்டிவரும், செலவைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

வட்டுக் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். பத்து லட்சம் துகள், ஒவ்வொன்றுக்கும் இடம், திசைவேகம், முடுக்கம் என்று ஒன்பது எண்கள், எண்ணுக்கு 4 பைட்: ஒரு காட்சிக்கு 36 எம்.பி., ஆயிரம் காட்சிக்கு 36 ஜி.பி. இது ஒன்றுமே இல்லை. 1024³ திசைவேகப் புலமோ ஒரு காட்சிக்கே சுமார் 13 ஜி.பி. ஆகவே "புலத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு துகளை அப்புறம் பார்க்கலாம்" என்ற யோசனை பெரும்பாலும் வட்டு நிரம்பிய அன்று முடிவுக்கு வரும். ஓடும்போதே துகளையும் ஓட்டுங்கள். ஒவ்வொரு துகளுக்கும் அடையாள எண் கொடுங்கள். துகள்கள் செயலிகளுக்கிடையே மாறிக்கொண்டே இருப்பதால் கோப்பில் வரிசை ஒவ்வொரு காட்சியிலும் வேறாக இருக்கும், எண் இல்லாவிட்டால் எது எது என்று எந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது.

அப்புறம் பிழை அளவு. பத்து லட்சம் துகள் என்றால் பத்து லட்சம் மாதிரிகள் என்று நினைப்பவர்கள் பிழைக்கோட்டைப் புள்ளியைவிடச் சிறியதாக வரைகிறார்கள். ஒரே பெட்டியில் ஒரே பெரிய சுழலில் சவாரி செய்யும் துகள்கள் ஒன்றுக்கொன்று தெரிந்தவை. பெரிய அளவுகளுக்கு உங்கள் உண்மையான மாதிரி எண்ணிக்கை, எத்தனை முறை பெரிய சுழல் புரண்டது என்பதோடு சேர்ந்துதான் ஏறும். துகளைப் பத்து மடங்காக்குவதைவிட, வேறு வேறு தொடக்கத்திலிருந்து நான்கு சிறிய ஓட்டங்கள் ஓட்டுவது பல நேரம் மேல்.

## அப்படியானால் எது

முடுக்கம் வேண்டுமா, டி.என்.எஸ்., பிரிதிறனை இரட்டித்து, ரெனால்ட்ஸ் எண் ஆசையைக் குறைத்து. மோதலும் கூட்டமும் வேண்டுமா, அதே டி.என்.எஸ்., சிறிய கிரிட், நீண்ட ஓட்டம். சுவரில்லாத இடத்தில் பரவலும் கலப்பும் என்றால் எல்.இ.எஸ்., துணை மாடலைப் பற்றி அதிகம் கவலைப்படாமல். நுண்துகள் சுவர்ப் படிவு என்றால் முதலில் தரவுத்தளத்தின் கால்வாய் ஓட்டத்தில் பாருங்கள். உங்கள் வடிவம் அதில் இல்லை என்றால் சுவர் வரை தீர்க்கும் எல்.இ.எஸ்., பணத்துக்குத் தயாராக. கனத்த துகள், பல வடிவமைப்பு என்றால் ரான்ஸ், அந்த அரை நாள் சோதனையோடு.

இரு துகள் பிரிவுக்குத்தான் நான் யாருக்கும் எளிதாகப் பதில் சொல்வதில்லை. ரிச்சர்ட்சனின் முப்படியைக் காட்ட வேண்டும் என்று வருபவர்கள் மடக்கை அச்சுகளில் வளைவைப் போட்டு, அதன் மேல் 3 சரிவுள்ள கோடு ஒன்றை வைத்து, ஒட்டுகிறது என்பார்கள். சரிவு ஒன்றிலிருந்து நாலுக்கு மாறிக்கொண்டே போகும் எந்த வளைவையும் 3 சரிவுள்ள கோடு எங்கேயாவது தொடத்தான் செய்யும். தொடக்க இடைவெளியை நான்கைந்து விதமாக மாற்றி ஓட்டி, எல்லா வளைவும் ஒரே கோட்டில் வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். சேரும் இடத்தில் ரிச்சர்ட்சன் மாறிலி (அந்த முப்படி விதியின் முன்னால் நிற்கும் எண்) 0.5, 0.6 பக்கம் வருகிறதா என்றும் பாருங்கள். சேரவில்லை என்றால் உங்கள் ரெனால்ட்ஸ் எண்ணில் அந்த விதி இன்னும் பிறக்கவில்லை. அப்போது துகளைக் கூட்டுவதோ மாடலை மாற்றுவதோ உதவாது. 1024³-இல் தரவுத்தளம் இருக்க, 256³-இல் இதைத் தேட வேண்டாம்.